தலைக்கு வினிகர்: முதலில் உங்கள் வீட்டுக் குழாயைப் பாருங்கள்

சென்னையில் முடியைப் பற்றிப் பேச்செடுத்தால் அது 'எல்லாம் இந்த போர் தண்ணியால வந்த வினை' என்பதில்தான் போய் முடியும். உடனே யாராவது ஒருவர் 'ஆப்பிள் சைடர் வினிகர் ஊத்திப் பாரேன்' என்பார். ஊற்றிப் பார்த்தவர்களில் சிலர் முடி பட்டுபோல் ஆனது என்கிறார்கள், சிலர் தலை அரித்ததுதான் மிச்சம் என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இருவர் வீட்டிலும் குழாயில் வருவது வேறு தண்ணீர், குளியலறையில் இருப்பது வேறு சோப்பு. வித்தியாசம் அங்கேதான்.

வினிகர் என்பது தண்ணீரில் கரைந்த அசிட்டிக் அமிலம், நூற்றுக்கு நான்கைந்து பங்கு. தலையில் அது செய்யும் முக்கிய வேலை ஒன்றுதான்: மிச்சமிருக்கும் காரத்தை, அதாவது சோப்பில் இருப்பது போன்ற, அமிலத்துக்கு எதிரான தன்மையை, முறிக்கும். காரம் இருக்கும் தலையில் பலன் தெரியும். காரமே இல்லாத தலையில் ஊற்றினால் ஒன்றும் தெரியாது, அளவு மீறினால் எரியும். வினிகர் வேண்டுமா வேண்டாமா என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முடியின் மேற்புறம் நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி. ஒன்றின் மேல் ஒன்றாகச் செதில்கள் படிந்திருக்கும். அமிலம், காரம் அளக்கும் பிஎச் அளவுகோலில் (எண் குறையக் குறைய அமிலம், கூடக் கூடக் காரம்) முடித்தண்டின் மின்னூட்டம் சமமாக நிற்கும் புள்ளி 3.67. தலைத்தோலின் பிஎச் 5.5 பக்கம். பிஎச் 3.67-க்கு மேலே போகப் போக முடியின் பரப்பில் எதிர்மின்னூட்டம் கூடும், முடி ஊறிப் பருக்கும், செதிலின் ஓரங்கள் தூக்கும், ஒரு முடி இன்னொன்றோடு உரசிச் சிக்கும். போர் தண்ணீர் போன்ற கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்த எதிர்மின்னூட்டம் உள்ள இடங்களில்தான் போய் ஒட்டுகின்றன. டை அடித்த முடி, ப்ளீச் செய்த முடி, ஸ்ட்ரெய்ட்டனிங் செய்த முடி ஆகியவற்றில் இப்படிப்பட்ட இடங்கள் அதிகம் என்பதால் உப்பும் அதிகமாகப் பிடிக்கும். அமிலம் பட்டால் மின்னூட்டம் குறையும், ஒட்டியிருந்த கால்சியத்தில் ஒரு பகுதி கழலும், செதில் ஓரளவு படியும். 'செதில் கதவு மாதிரி மூடிக்கொள்ளும்' என்று சொல்வது மிகை. உரசல் குறைகிறது, அதனால் சீப்பு எளிதாக இறங்குகிறது, வெளிச்சம் சீராகப் பட்டுப் பளபளப்பு தெரிகிறது. அவ்வளவுதான்.

எதைக் கொண்டு தலைக்குக் குளிக்கிறீர்கள் என்பது முதல் கேள்வி. சோப்புக் கட்டியின் பிஎச் 9 முதல் 10 வரை. ஷாம்பு புழக்கத்துக்கு வராத காலத்தில் பல நாடுகளில் சோப்பால் தலை அலசிவிட்டு வினிகரோ எலுமிச்சையோ ஊற்றியதற்குக் காரணம் இதுதான். சோப்பு கடின நீரில் சேர்ந்தால் கால்சியத்தோடு கூடி, கரையாத ஒரு வெள்ளைப் பிசுக்காக முடியில் படியும். அதைத் தளர்த்த அமிலம் தேவைப்பட்டது. இன்றைய ஷாம்பு சோப்பு இல்லை. கடின நீரில் அது பிசுக்குக் கட்டாது, பெரும்பாலானவற்றின் பிஎச் 5-க்கும் 7-க்கும் இடையில்தான் இருக்கும். அதன் பிறகு போடும் கண்டிஷனரை 3.5 முதல் 4.5 வரையிலான பிஎச் அளவில்தான் தயாரிக்கிறார்கள். அதாவது வினிகர் செய்யவேண்டிய வேலையைக் கண்டிஷனர் ஏற்கெனவே செய்கிறது. அதோடு முடியின் மேல் வழுக்கலான ஒரு மெல்லிய படலத்தையும் விட்டுச் செல்கிறது, இது வினிகரால் ஆகாத காரியம். நல்ல ஷாம்பு, கண்டிஷனர், ஓரளவு மென்மையான தண்ணீர் மூன்றும் உள்ள வீட்டில் வினிகருக்கு வேலையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

சீயக்காய், அரப்பு போடுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். சீயக்காய்க் கரைசல் இயல்பாகவே லேசான அமிலம். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு சீயக்காய் தேய்த்து அலசிய தலைக்கு மேலும் அமிலம் எதற்கு? எண்ணெய் போகவில்லையே என்று வினிகர் ஊற்றுகிறவர்களும் உண்டு. வினிகர் எண்ணெயைக் கரைக்காது. இன்னொரு முறை சீயக்காயோ ஷாம்புவோ போட்டால்தான் எண்ணெய் போகும்.

வினிகர் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஆர்கானிக் கடைகளில் 'ஷாம்பு பார்' என்று கட்டியாக விற்கிறார்களே, அதன் உறையைத் திருப்பிப் படியுங்கள். 'சோடியம் கோகோயேட்', 'சோடியம் ஆலிவேட்', 'சப்பானிஃபைட் ஆயில்' என்று இருந்தால், பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது சோப்புதான். போர் தண்ணீரில் அதைப் போட்டால் இரண்டே வாரத்தில் முடி மெழுகு தடவியதுபோல் ஆகும், சீப்பில் சாம்பல் நிறத்தில் அழுக்குச் சேரும். இதைப் போடுகிறவர்களுக்கு அமில அலசல் கட்டாயம். 'சோடியம் கோகோயில் ஐசெதியோனேட்' என்று இருந்தால் அது சோப்பில்லை, ஷாம்புவைக் கெட்டியாக்கியது, அதற்குத் தேவையில்லை. இரண்டு பெயரும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் என்பதால் எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

அடுத்தது தண்ணீர். நம் அடுக்குமாடிகளில் மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர் மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கும். போன வாரம் வந்ததும் இந்த வாரம் வருவதும் ஒன்றாக இருக்காது. போர் தண்ணீர் பெரும்பாலும் கோடையில் கடினமாகி, மழைக்குப் பிறகு கொஞ்சம் இறங்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு வழியில்லாத இடங்களில் 600 வரை அனுமதிக்கிறது. கையடக்க டிடிஎஸ் மீட்டர் இதைக் காட்டாது என்பதை மறக்க வேண்டாம். அது கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்பதைத்தான் சொல்லும், அதில் கால்சியம் எவ்வளவு, சாதா உப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இந்த வேறுபாடு முக்கியம். கடல்நீர் ஊறி உவர்ப்பான தண்ணீரில் சாதா உப்பும் நிறைய இருக்கும். சாதா உப்புக்கு வினிகர் எதுவும் செய்யாது.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு பழைய எவர்சில்வர் பாத்திரத்தில் அரை லிட்டர் குழாய்த் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சுங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்ததன் மேல் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கிக் கரைந்தால் அது கார்பனேட், வினிகர் சமாளிக்கும் வகை. நுரையே வராமல், வெறும் தண்ணீர் விட்டாலே கரைந்துபோனால் அது பெரும்பாலும் சாதா உப்பு. அந்தத் தண்ணீருக்கு வினிகர் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். இன்னொரு சோதனை: ஒரே மாதிரி இரண்டு பாட்டில், ஒன்றில் கேன் தண்ணீர், இன்னொன்றில் குழாய்த் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவல் போட்டுக் குலுக்குங்கள். குழாய்த் தண்ணீர் நுரைக்காமல் திரிதிரியாகத் திரண்டால் கடினம் அதிகம்.

ஷவரில் மாட்டும் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர்கள் பெரும்பாலும் குளோரினைக் குறைக்கும், மண்ணைத் தடுக்கும், கடினத்தன்மையைக் குறைக்காது. உப்பு போட்டுப் புதுப்பிக்கும் சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிடும், ஆனால் தண்ணீரின் காரத்தன்மை அப்படியே இருக்கும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் சேமித்துத் தலைக்கு ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் மிச்சம் பிடிக்கும் எண்ணம் நல்லதுதான், 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்த ஊர் இது. ஆனால் அந்தத் தண்ணீரில் குழாயில் வருவதைவிட உப்பு அதிகம். தரை துடைக்கப் பயன்படுத்துங்கள், தலைக்கு வேண்டாம்.

இனி அளவு. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். 'ஒரு ஸ்பூன் வினிகர், ஒரு மக் தண்ணீர்' என்ற குறிப்பு எந்தத் தண்ணீர் என்று சொல்வதில்லை. வினிகரின் பிஎச் ஏறத்தாழ 2.5. கேன் தண்ணீர் ஒரு லிட்டரில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, கலந்தால் பிஎச் 3.5 பக்கம் நிற்கும். தலைத்தோலுக்கு இது சற்று அதிகமான புளிப்பு. அதே 15 மில்லியைக் கடினமான போர் தண்ணீர் ஒரு லிட்டரில் கலந்தால், தண்ணீரிலுள்ள பைகார்பனேட் என்ற கார உப்பு, வினிகரின் அமிலத்தில் பாதியைத் தின்றுவிடும், மக்கின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கூட வரலாம். பிஎச் 4.7 முதல் 5-க்குள் வந்து நிற்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். அதே போர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி மட்டும் கலந்தால் மொத்த அமிலமும் முறிந்துபோய் பிஎச் 6-க்கு மேல் போய்விடும், ஊற்றியும் பயனில்லை. ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் கலப்பவர்கள் ஊற்றுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான்.

ஆகவே, போர் தண்ணீருக்கு லிட்டருக்கு 15 மில்லி. கேன், ஆர்ஓ, மழைநீர் என்றால் லிட்டருக்கு 5 மில்லி. மெட்ரோ தண்ணீர் மட்டும் வரும் வீட்டில் 5 முதல் 10 மில்லி. பிஎச் தாள் கிடைத்தால் ஒரு தடவை தோய்த்துப் பாருங்கள். நிறம் 4-க்கும் 5-க்கும் இடையில் வர வேண்டும். 3.5-க்குக் கீழே போனால் தண்ணீர் சேருங்கள். கண்ணளவு வேண்டாம், இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி போதும். மக்கின் கொள்ளளவையும் ஒரு லிட்டர் பாட்டிலால் ஒருமுறை அளந்துவிடுங்கள், மக்குகள் எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை.

செய்முறை நீளமில்லை. சோப்போ ஷாம்புவோ போட்டபின் வெறும் தண்ணீரில் முழுதாக அலசுங்கள். இதைத் தவறவிடக் கூடாது. சோப்பு மிச்சம் இருக்கும்போதே அமிலம் பட்டால், சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாக மாறி முடியில் மெழுகுபோல் அப்பிக்கொள்ளும். 'வினிகர் ஊத்தினதும் பிசுபிசுன்னு ஆயிடுச்சு' என்பதன் காரணம் அநேகமாக இதுதான். முடியை லேசாகப் பிழிந்துவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்து, கலவையை முன்நெற்றியிலிருந்து பின்னோக்கி மெதுவாக ஊற்றுங்கள், கண்ணில் இறங்காது. நீள முடியென்றால் நுனியை மக்கிலேயே முக்கி எடுக்கலாம், சேதமும் உப்பும் அதிகமாக இருப்பது நுனியில்தான். ஒன்று அல்லது இரண்டு நிமிடம் போதும். பத்து நிமிடம் விட்டால் பத்து மடங்கு பலன் வராது, தோல்தான் எரியும். பிறகு அலசிவிட்டு, போடுவதாக இருந்தால் கண்டிஷனர் போடுங்கள்.

கடைசி அலசலைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வினிகரால் கழுவிய முடியில் மறுபடி பக்கெட் பக்கெட்டாகப் போர் தண்ணீர் ஊற்றினால், கழன்ற கால்சியத்துக்குப் பதில் புதிய கால்சியம் வந்து உட்காரும். எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு லிட்டர் கேன் தண்ணீரை வேர் முதல் நுனி வரை ஊற்றி முடியுங்கள். முடியில் தங்கிக் காயும் தண்ணீர் எதுவோ அதன் உப்புதான் முடியில் நிற்கும். என்னைக் கேட்டால் இந்த ஒரு லிட்டருக்கு வினிகரைவிட மதிப்பு அதிகம். வினிகர் வாங்கும் முன் இதை மட்டும் இரண்டு வாரம் செய்து பாருங்கள், அதிலேயே திருப்தி வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? சோப்புக் கட்டி போடுகிறவர்கள் ஒவ்வொரு தலைக்குளியலுக்கும் செய்யலாம். ஷாம்பு, கடின நீர் என்றால் வாரம் ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒன்று. மாதக்கணக்கில் உப்பேறிய முடிக்கு வினிகர் போதாது. அசிட்டிக் அமிலம் கால்சியத்தைக் கழற்றுமே தவிர, இறுகப் பிடித்து வெளியே கொண்டுபோகும் திறன் அதற்குக் குறைவு. அந்த வேலைக்கு 'டெட்ராசோடியம் ஈடிடிஏ' போன்ற பொருள் சேர்த்த கிலேட்டிங் ஷாம்பு மாதம் ஒருமுறை போடலாம். அது முடியை வறளவைக்கும், அதனால் அன்றைக்குக் கண்டிஷனர் அவசியம்.

எந்த வினிகர் என்று கேட்டால், முடிக்கு அமிலம்தான் கணக்கு. வடிகட்டாமல் அடியில் கசடு தெரியும் 'மதர்' உள்ள ஆப்பிள் சைடர் வினிகருக்கு விலை கூடுதல். அந்தக் கசடு பாக்டீரியாவும் அவை நெய்த செல்லுலோஸும்தான், முடிக்கு அதனால் எதுவும் கூடாது. ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றினால் வாயை அடைக்கும். மளிகைக் கடை வெள்ளை வினிகரில் 'சிந்தெடிக்' என்று அச்சிட்டிருக்கும், அசிட்டிக் அமிலத்தை நீர்த்துச் செய்தது. அதே அளவில் அதே வேலையைச் செய்யும், வாடை மட்டும் கொஞ்சம் தூக்கல். கெமிக்கல் கடையில் கிடைக்கும் கிளேசியல் அசிட்டிக் ஆசிட் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். அது ஏறக்குறைய முழு அமிலம், தோலை வெந்துபோகச் செய்யும்.

எலுமிச்சையை ஏன் பிழியக் கூடாது என்று கேட்பீர்கள். பழத்துக்குப் பழம் புளிப்பு வேறு, சக்கை முடியில் சிக்கும். சாறும் தோலின் எண்ணெயும் பட்ட இடத்தில் நம்மூர் வெயில் அடித்தால் நெற்றியிலும் காதோரத்திலும் கறுப்புத் திட்டு விழ வாய்ப்புண்டு, போக வாரங்கள் ஆகும். சிட்ரிக் ஆசிட் தூள் இதைவிட நல்ல வழி. கடினமான போர் தண்ணீர் ஒரு லிட்டருக்குக் கால் டீஸ்பூன், ஏறத்தாழ 1 கிராம். வாடை கிடையாது, கால்சியத்தையும் வினிகரைவிட நன்றாகப் பிடிக்கும். வாடை பிடிக்காதவர்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன். புளித்த தயிரும் அமிலம்தான், ஆனால் அலசி எடுப்பது பெரும்பாடு. வடிகஞ்சி மாவுப் படலத்தை விட்டுச் செல்லும்.

ஆப்பசோடாவால் தலை தேய்த்துவிட்டு வினிகர் ஊற்றும் முறை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். சோடா கரைசலின் பிஎச் 8-க்கு மேல், துகள்கள் செதிலை உராயும். அதன் மேல் ஊற்றும் வினிகர் சோடாவை முறிப்பதிலேயே தீர்ந்துபோகும்.

பொடுகுக்கு வினிகர் என்பது வெறும் நம்பிக்கை. பொடுகில் மலசீசியா என்ற பூஞ்சைக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு நிமிடம் படும் நீர்த்த வினிகர் அதை அடக்காது. கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்புவை வாரம் இரு முறை, மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, இரண்டு முதல் நான்கு வாரம் போடுவதுதான் வழக்கமான சிகிச்சை. மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். அந்த நாட்களில் வினிகர் வேண்டாம். தோல் வெடிப்பு, எக்சிமா என்ற அரிப்புத் தோல்நோய், சொறிந்த காயம், மொட்டை போட்ட புதுசு, இவற்றிலும் வேண்டாம். எக்சிமா உள்ளவர்களும் இல்லாதவர்களுமாக 22 பேர், அரை சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும்படி நீர்த்த ஆப்பிள் சைடர் வினிகரில் தினமும் பத்து நிமிடம் கையை ஊறவைத்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. தோலின் தடுப்புத் திறன் மேம்படவில்லை, பெரும்பாலானவர்களுக்கு எரிச்சல்தான் வந்தது. முடி உதிர்வுக்கும் வினிகருக்கும் சம்பந்தம் இல்லை. உதிர்வு அதிகமாக இருந்தால் இரும்புச் சத்தையும் தைராய்டையும் பரிசோதிப்பது பயன் தரும். ஈரின் பசையையும் வினிகர் கரைக்காது, அதற்குப் பேன் சீப்புதான்.

குளியலறையையும் கவனியுங்கள். மார்பிள், மொசைக், கடப்பா கல் எல்லாம் சுண்ணாம்பு சார்ந்தவை, நீர்க்காத வினிகர் சிந்தி நின்றால் மெருகு போய்த் திட்டு விழும். உடனே தண்ணீர் ஊற்றிவிடுங்கள். பித்தளைச் சொம்பிலோ செம்புப் பாத்திரத்திலோ கலக்க வேண்டாம், உலோகம் கரைந்து முடியில் ஏறும். பிளாஸ்டிக் மக் நல்லது. கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், எரிச்சல் நிற்காவிட்டாலோ பார்வை மங்கலாக இருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். வாடை முடி காய்ந்ததும் போய்விடும். ஆனால் நம்மூர்ப் புழுக்கத்தில் முடி காய நேரமாகும், வேர்த்தால் மறுபடி எழும். அலசாமல் விட்டவர்களுக்கே இது அதிகம்.

பலன் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பாதித் தலைச் சோதனை செய்யலாம். நேர் வகிடு எடுத்து, வலப்பக்கம் மட்டும் வினிகர் கலவை, இடப்பக்கம் அதே அளவு வெறும் தண்ணீர். மற்றதெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே. மின்விசிறியில் காயவைத்து, முழுதும் காய்ந்தபின் ஒரே சீப்பால் இரண்டு பக்கமும் சீவிப் பாருங்கள். எந்தப் பக்கம் எது என்று சொல்லாமல் வீட்டில் வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது. நாலு குளியலுக்குப் பிறகும் அவரால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை என்றால் பாட்டிலை ஊறுகாய்க்குக் கொடுத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் வாளி வைக்க முடிந்தால் இந்தக் கணக்கே மாறும். முதல் மழை தூசியைக் கழுவிப் போகட்டும், அடுத்த மழையில் நேராக வானத்திலிருந்து விழுவதைப் பிடியுங்கள். மழைநீரில் கால்சியம் ஏறக்குறைய இல்லை. மெல்லிய துணியில் வடிகட்டி மூடி வைத்து, கொசு சேரும் முன் இரண்டு மூன்று நாளில் பயன்படுத்திவிடுங்கள். ஷாம்பு போட்டு இதில் அலசினால் வினிகர் வேண்டியதில்லை. சோப்புக் கட்டி போடுகிறவர்கள் மட்டும் லிட்டருக்கு 5 மில்லி கலந்துகொள்ளலாம், போர் தண்ணீருக்குக் கலந்த 15 மில்லியைப் பழக்கத்தில் இதில் ஊற்றிவிடாதீர்கள்.